ஒளிக்கு ரசீது உண்டா?

அன்று கேட்பாரில்லாமல் கிடந்த நிலக்காட்சி ஓவியங்கள் இன்று சேகரிப்பாளர்களின் கண்ணை உறுத்துகின்றன. விலை ஏறிவிட்டது. சான்றுகளைத்தான் காணோம்.

2009 ஜனவரி. டெல்லியில் ஓர் ஓவியக் கண்காட்சி. திறந்து வைக்க வந்தவர் வேறு யாருமல்ல, ஓவியங்களைத் தீட்டியவராகச் சொல்லப்பட்ட எஸ்.எச். ரஸாவேதான். அப்போது அவருக்கு வயது 86. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பிரான்ஸில் வாழ்ந்தவர். இளமையில் தன் கையால் தீட்டியவற்றை மறுபடி பார்க்கப் போகிறோம் என்ற எதிர்பார்ப்புடன் வந்தவர், சுவரில் மாட்டியிருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெரும்பாலானவை அவர் வரைந்தவையே அல்ல. திறந்த வேகத்தில் கண்காட்சி மூடப்பட்டது.

இந்தியக் கலைச் சந்தைக்குப் போலிகள் புதிதல்ல. ஆனால் இந்தச் சம்பவம் ஒரு சங்கடமான கேள்வியை எழுப்பியது. ரஸா உயிருடன் இருந்தார், நேரில் வந்தார், கண்டுபிடித்தார். 2016 ஜூலையில் அவர் காலமாகிவிட்டார். இனி அந்த வேலையை யார் செய்வார்கள்?

போலி தயாரிப்பவர்களுக்கு ஓவியர்களின் ஆரம்பகாலம் வசதியான வேட்டைக்காடு. பிற்காலத்தில் ரஸாவின் அடையாளமாகிப்போன 'பிந்து' என்ற கருவட்டம் கலை உலகில் அனைவருக்கும் தெரியும். 1940-களில் பம்பாயில் ஒரு பிளாக் ஸ்டூடியோவில் வேலை பார்த்துக்கொண்டே தெருக்களையும் மழைக்காலத்தையும் தீட்டிய இளைஞரைத் தெரிந்தவர்கள் குறைவு. அவர் மட்டுமல்ல, அந்தத் தலைமுறையே நிலக்காட்சியில்தான் கையைப் பழக்கியது. சொற்ப விலைக்கு விற்றது. வாங்கியவர்கள் வரவேற்பறையில் மாட்டினார்கள். பில் இல்லை, புகைப்படம் இல்லை, பதிவேடு இல்லை. பத்து, இருபது ரூபாய்ச் சமாச்சாரத்துக்கு ரசீது கேட்பவர் யார்?

இன்று கதை வேறு. 2010-ல் ரஸாவின் 'சௌராஷ்டிரா' லண்டன் ஏலத்தில் ரூ.16.42 கோடிக்குப் போனது. மத்தியப் பிரதேசக் காடுகளில் கழிந்த பால்யத்தின் நினைவாக 1972-ல் அவர் தீட்டிய 'தபோவன்' 2018-ல் நியூயார்க்கில் 44 லட்சம் டாலரைத் தாண்டியது. 2023-ல் மும்பை ஏலத்தில் 'ஜெஸ்டேஷன்' ரூ.51.75 கோடி. பிற்கால ஓவியங்கள் இப்படி எகிறும்போது அதே கையின் இளமைக்கால நிலக்காட்சிகளுக்கும் மவுசு கூடுகிறது. கோடிகள் இல்லாத சேகரிப்பாளர் அங்கேதான் நுழைகிறார். போலிகளும் அதே வாசல் வழியாகத்தான் வருகின்றன.

ஒரு போரின் விலை

இந்த வகை ஓவியத்தின் பூர்வீகம் பிரான்ஸ். அங்கேயும் கதை அலட்சியத்தில்தான் தொடங்கியது. 1874 ஏப்ரலில் பாரிஸில் புகைப்படக்காரர் நாடாரின் பழைய ஸ்டூடியோவில் சில ஓவியர்கள் சேர்ந்து கண்காட்சி நடத்தினார்கள். அரசு ஆதரவு பெற்ற 'சலோன்' கண்காட்சியில் இடம் கிடைக்காத அலுப்பு அவர்களுக்கு. அதில் க்ளாட் மோனேயின் ஒரு படம்: அதிகாலை மூடுபனியில் துறைமுகம், தண்ணீரில் சிதறும் ஆரஞ்சுச் சூரியன். தலைப்பு 'இம்ப்ரஷன், சூரியோதயம்'. லூயி லெராய் என்ற பத்திரிகையாளர் அந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தையே 'இம்ப்ரஷனிஸ்டுகள்' என்று கேலி செய்தார். கேலிப்பெயர் நிலைத்துவிட்டது.

படத்தை எர்னஸ்ட் ஹோஷெதே என்ற துணி வியாபாரி 800 ஃப்ராங்குக்கு வாங்கினார். நான்கு ஆண்டுகளில் அவர் திவாலானபோது அதே படம் ஏலத்தில் 210 ஃப்ராங்குக்குத்தான் போனது. இன்று அது பாரிஸின் மார்மோத்தான் அருங்காட்சியகத்தின் பொக்கிஷம். 1985-ல் அங்கிருந்து கொள்ளை போய், 1990-ல் கார்சிகா தீவில் மீட்கப்பட்ட வரலாறும் அதற்கு உண்டு.

ஆல்பிரட் சிஸ்லியின் கதை இன்னும் சோகம். வாழ்நாள் முழுவதும் ஆற்றங்கரைகளையும் வெள்ளத்தையும் பனியையும் தீட்டியவர் 1899-ல் வறுமையில் இறந்தார். அடுத்த ஆண்டே, போர்ட் மார்லி ஊரில் வெள்ளம் புகுந்த காட்சியைக் காட்டும் அவரது ஓவியம் 43,000 ஃப்ராங்குக்கு ஏலம் போனது.

இடையில் மாறியது என்ன? ஒரு வியாபாரி வந்தார். பால் துராந் ருவெல். யாரும் சீண்டாத காலத்தில் மோனே, ரென்வார், பிஸாரோ, சிஸ்லி ஆகியோரின் படங்களை நூற்றுக்கணக்கில் வாங்கிக் குவித்தவர். மோனேயின் படங்கள் மட்டுமே ஆயிரத்துக்கும் மேல் அவர் கை வழியாகப் போயின. 1886-ல் சுமார் 300 ஓவியங்களை நியூயார்க்குக்குக் கொண்டுபோய்க் கடை விரித்தார். பாரிஸ் ஏளனம் செய்ததை அமெரிக்கப் பணக்காரர்கள் வாங்கினார்கள். அதைவிட முக்கியம், அவர் கணக்கு எழுதினார். எந்தப் படம், எந்தத் தேதி, யாரிடமிருந்து, யாருக்கு என்று பதிவேடு இருந்தது.

அந்தப் பதிவேட்டின் அருமை 2019 மே மாதம் தெரிந்தது. நியூயார்க்கின் சதபீஸ் ஏலத்தில் மோனேயின் ஒரு ஓவியம் 11.07 கோடி டாலருக்கு விற்றது. அன்றைய மதிப்பில் ரூ.770 கோடிக்கும் மேல். இம்ப்ரஷனிஸ ஓவியம் ஒன்று 10 கோடி டாலரைத் தாண்டியது அதுவே முதல் தடவை. படத்தில் இருப்பது ராஜாவோ ராணியோ அல்ல. அறுவடை முடிந்த வயலில் நிற்கும் போர்!

நம் ஊர்க்காரர் பார்த்தால் வைக்கோல் போர் என்றுதான் சொல்வார். உண்மையில் அது அடிக்காத கோதுமைக் கதிர்க்கட்டுகளின் போர். கதிரடிக்கும் இயந்திரம் ஊர் ஊராகச் சுற்றி வந்து சேரும்வரை வயலிலேயே காத்திருக்கும். ஜிவெர்னி கிராமத்தில் தன் வீட்டுப் பக்கத்தில் நின்ற போர்களை 1890-91-ல் மோனே சுமார் 25 தடவை தீட்டினார். காலையில் நீலம், அந்தியில் நெருப்பு நிறம், உறைபனியில் ரோஜா. ஒரே நேரத்தில் பல கான்வாஸ்களை வயலுக்குக் கொண்டுபோய், வெளிச்சம் மாறமாற கான்வாஸை மாற்றிக்கொண்டே இருந்தார். அவர் தீட்டியது போரை அல்ல, அதன் மேல் விழுந்த வெயிலை.

அந்த ஓவியத்தைத் துராந் ருவெலிடமிருந்து வாங்கியவர் சிகாகோ சீமாட்டி பெர்த்தா பாமர். 1986 வரை அது அவர் குடும்பத்தாரிடமே இருந்தது. அந்த ஆண்டு ஏலத்தில் அதன் விலை 25.3 லட்சம் டாலர். அடுத்த 33 ஆண்டுகளில் 40 மடங்குக்கும் மேல் ஏறியதற்கு மோனேயின் மேதைமை ஒரு காரணம். வயலில் இருந்து ஏல மேடை வரை ஒரு கண்ணிகூட அறுபடாத உரிமைச் சங்கிலி இன்னொரு காரணம்.

சங்கிலி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஒருவரிடம் ஸேன் நதிக்கரையைக் காட்டும் ஓர் ஓவியம் இருந்தது. அது மோனேயுடையதுதான் என்பதற்கான ஆதாரங்களை 2011-ல் பி.பி.சி. தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று அடுக்கிக் காட்டியது. மோனேயின் முழுப் பட்டியலை வைத்திருக்கும் பாரிஸின் வில்டன்ஸ்டைன் நிறுவனம் அசையவில்லை. பட்டியலில் இல்லை என்றால் சந்தையில் அது மோனே இல்லை. அவ்வளவுதான்.

இந்தூர் வெயில், பம்பாய் மழை

இந்தியாவுக்கு இந்தப் பாணி ஒரே கப்பலில் வந்து இறங்கவில்லை. கல்கத்தாவில் ஜே.பி. கங்கூலி (1876-1953) கங்கைக்கரையின் விடியலையும் இமயத்தின் மூடுபனியையும் தைல வண்ணத்தில் தீட்டினார். அவரை இம்ப்ரஷனிஸ்ட் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மரம், மலை என்ற பொருள்களைவிட அவற்றைச் சூழ்ந்த காற்றும் வெளிச்சமும்தான் முக்கியம் என்ற பார்வை அவரிடம் இருந்தது.

அடுத்த திருப்பம் எதிர்பாராத இடத்தில் நடந்தது: இந்தூர். அங்கே ஓவியப் பள்ளி நடத்திய டி.டி. தேவ்லாலிகர் மாணவர்களை அறைக்குள் அடைத்து வைக்காமல் வெயிலுக்கு அனுப்பினார். சந்தையடி, படித்துறை, புழுதித் தெரு எல்லாம் பாடம். அந்தப் பள்ளியில் இருந்து வந்தவர்கள் என்.எஸ். பெந்த்ரே, டி.ஜே. ஜோஷி, விஷ்ணு சிஞ்சால்கர். எம்.எஃப். ஹுசேனும் கொஞ்ச காலம் அங்கே எட்டிப் பார்த்தவர்தான். நிழல் என்றால் கறுப்பு என்ற பழக்கத்தை விட்டு, அதில் நீலத்தையும் ஊதாவையும் பார்க்க அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

பம்பாயில் அதே பாடத்தை நடத்தியவர் ஓர் அகதி. ஆஸ்திரியாவில் நாஜிகளின் கை ஓங்கிய 1930-களின் இறுதியில் வியன்னாவை விட்டு வந்த வால்டர் லாங்ஹாமர், டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் கலை இயக்குநரானார். வார நாட்களில் பத்திரிகை வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இளம் ஓவியர்களின் ஜமா. ரஸா, கே.எச். ஆரா போன்றவர்கள் அங்கே போனார்கள். லாங்ஹாமர் தானும் தளர்ந்த, துள்ளலான தூரிகை வீச்சுகளில் இந்தியக் காட்சிகளைத் தீட்டினார். அவரைப் போலவே ஐரோப்பாவில் இருந்து தப்பி வந்த இமானுவேல் ஷ்லேசிங்கர் படங்களை வாங்கினார். ருடால்ஃப் வான் லேடன் விமர்சனம் எழுதினார். சொல்லிக் கொடுக்க ஒருவர், வாங்க ஒருவர், எழுத ஒருவர். பம்பாய் ஓவியர்கள் தலையெடுத்ததில் இந்த மூவருக்கும் பங்கு உண்டு.

சென்னையும் சும்மா இல்லை. 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர் (1911-1977) கோவையில் பிறந்தவர். அவர் முதலில் பெயர் வாங்கியது கால்வாய்கள், தென்னந்தோப்புகள், ஈரம் சொட்டும் பச்சை ஆகியவற்றைக் காட்டும் நீர்வண்ண நிலக்காட்சிகளில்தான். அவருடைய பிற்கால 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பற்றிப் பேசும் பலருக்கு இந்த முதல் அத்தியாயம் நினைவில் இருப்பதில்லை.

இந்தத் தலைமுறை நீர்வண்ணத்தை அதிகம் கையாண்டதற்குக் காரணம் எளிது. காகிதம் மலிவு, வேலை சீக்கிரம் முடியும். தைல வண்ணக் குழாய்களோ இறக்குமதிச் சரக்கு. ஈரமான மழைக்காலத்தில் கெட்டியான வண்ணம் காயவும் நாளாகும். ஆகவே அந்தக் காலத்துத் தைல வண்ண நிலக்காட்சி கிடைத்தால் சேகரிப்பாளருக்கு அது பெரிய விஷயம். சந்தேகப்பட வேண்டிய விஷயமும் அதுதான்.

பெயின்ட் சொல்லும் சாட்சி

வண்ணங்களுக்குப் பிறந்த தேதி உண்டு. 1841-ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த உலோகக் குழாய்தான் தைல வண்ணத்தை ஸ்டூடியோவை விட்டு வயலுக்குக் கொண்டுபோனது. அது இல்லாவிட்டால் மோனே இல்லை. டைட்டானியம் வெள்ளை கடைக்கு வந்தது 1920-களை ஒட்டி. தாலோசயனின் நீலம் 1930-களின் நடுவில். 1890-ல் தீட்டியதாகச் சொல்லப்படும் படத்தில் இவை இருந்தால் கதை முடிந்தது. ஜெர்மனியில் பல ஆண்டுகள் நிபுணர்களின் கண்ணில் மண் தூவிய வூல்ஃப்காங் பெல்ட்ராக்கி இப்படித்தான் சிக்கினார். 1914-ம் ஆண்டு ஓவியம் என்று விற்கப்பட்ட படத்தில் டைட்டானியம் வெள்ளை இருந்தது. 2011-ல் அவருக்கு ஆறு ஆண்டு சிறைத் தண்டனை.

ஆனால் இந்தியச் சேகரிப்பாளருக்கு இந்த ஆயுதம் பாதி மழுங்கியது. 1940-களில் நம் ஓவியர்கள் பயன்படுத்திய வண்ணங்களில் பல இன்றும் கடையில் கிடைக்கின்றன. அன்றைய வெள்ளையும் இன்றைய வெள்ளையும் ஒன்றே என்றால் ரசாயனச் சோதனை என்ன சொல்லும்? கான்வாஸின் அடிப்பூச்சு அக்ரிலிக் என்றால், அது 1950-களுக்கு முந்தையதாக இருக்க முடியாது என்று சொல்லலாம். புற ஊதா ஒளியில் கையெழுத்து மட்டும் தனியாக மேலே மிதக்கிறதா என்று பார்க்கலாம். அதற்கு மேல் பரிசோதனைக் கூடத்தால் நகர முடிவதில்லை. மறுபடியும் ரசீதிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

இம்ப்ரஷனிஸ பாணிக்கே உள்ள இன்னொரு பலவீனம், அது சுலபமாகத் தோன்றுவது. முகம் வரைந்தால் மூக்கு கோணினால் தெரிந்துவிடும். மரமும் தண்ணீரும் புள்ளிப் புள்ளியாக இருந்தால் யாருக்குத் தெரியும்? மோனேக்கு முந்தைய நிலக்காட்சி மேதை கொரோ தன் வாழ்நாளில் தீட்டியதைவிடப் பல மடங்கு அதிகமான கொரோக்கள் அமெரிக்காவில் மட்டும் இருப்பதாக ஒரு பழைய ஜோக் உண்டு. இப்போது சீனாவில் ஷென்ஷென் நகரத்தின் தாஃபென் பகுதி உலகம் முழுவதற்கும் மோனேயையும் வான் கோவையும் நகல் எடுத்து அனுப்புகிறது. நகல் என்று சொல்லி விற்றால் அதில் தப்பில்லை. ஓட்டல் வரவேற்பறைக்கு அது போதும். கீழே ஒரு கையெழுத்தும், பின்னால் ஒரு கதையும் சேரும்போதுதான் மோசடி.

வாங்கப் போகிறீர்களா?

பெரிய பெயரை வாங்குவதென்றால் முதலில் படத்தைத் திருப்புங்கள். முன்பக்கம் ஓவியர் பேசுவார், பின்பக்கம் வரலாறு பேசும். பழைய மரச்சட்டம், துருப்பிடித்த ஆணி, கண்காட்சிச் சீட்டு, ஃப்ரேம் கடையின் முத்திரை எல்லாம் சாட்சிகள். பழுப்பேறிய கான்வாஸைப் பளபளக்கும் ஸ்டேப்பிள் பின் பிடித்துக்கொண்டிருந்தால் காரணம் கேளுங்கள். சட்டம் மாற்றியிருக்கலாம், ஆளையும் மாற்றியிருக்கலாம்.

அடுத்து, படம் யார் யார் கைமாறி வந்தது என்பதை எழுத்தில் கேளுங்கள். பழைய கண்காட்சிக் கையேட்டில் அதன் பெயரும் அளவும் இருந்தால் உத்தமம். குடும்ப ஆல்பத்தில், தாத்தாவின் தலைக்குப் பின்னால் சுவரில் அந்தப் படம் தெரிந்தால் அதைவிட உத்தமம். "ஒரு பழைய ஜமீன் வீட்டில் இருந்தது, பெயர் சொல்ல மாட்டார்கள்" என்பது சான்று அல்ல. சந்தை விலையில் கால் பங்குக்கு ஒரு மாஸ்டர்பீஸ் கிடைத்தால் அது அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு குறைவு.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1972-ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டத்தின் கீழ் ரவி வர்மா, அம்ரிதா ஷெர்கில், நந்தலால் போஸ் உட்பட ஒன்பது ஓவியர்களின் படைப்புகள் நாட்டை விட்டு வெளியேற முடியாது. ஐரோப்பாவின் நவீன ஓவியங்களைப் பார்த்துவிட்டு வந்து வங்கத்துக் கிராமக் காட்சிகளைத் தீட்டிய சைலோஸ் முகர்ஜியும், இமயத்தைத் தீட்டிய ரஷ்யர் நிக்கோலஸ் ரோரிக்கும் அந்த ஒன்பதில் அடக்கம். நூறு ஆண்டைத் தாண்டிய எந்த ஓவியமும் தொல்பொருள் கணக்கில் வந்துவிடும். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனுக்கு அனுப்பலாம் என்று வாங்குகிறவர்கள் கவனிக்க. வீட்டுச் சுவரில் இருப்பது சொந்த உபயோகப் பொருள்தானே என்று வரியைத் தவிர்க்கவும் முடியாது. 2007-ம் ஆண்டின் நிதிச் சட்டம் ஓவியங்களை அந்தப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. விற்று லாபம் வந்தால் மூலதன ஆதாய வரி உண்டு.

இவ்வளவு தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. உயிரோடு இருக்கும் ஓவியரிடம் வாங்குவது. பெரிய பெயர் இல்லாத, ஆனால் இன்றைக்கும் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வயலுக்கும் படித்துறைக்கும் போகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவரிடமே ரசீது வாங்கலாம். படத்தின் பின்னால் இடத்தையும் தேதியையும் எழுதச் சொல்லலாம். ஐம்பது ஆண்டு கழித்து உங்கள் பேரன் திண்டாட மாட்டான்.

ஆனால் அங்கேயும் கண் வேண்டும். படத்தை மூன்று தூரங்களில் பாருங்கள். மூக்கு உரசும் தூரத்தில் வெறும் வண்ணத் திட்டுகள், நாலடியில் தண்ணீர், பத்தடியில் சாயங்காலம். அப்படி மாறினால் நல்ல ஓவியம். எத்தனை அடி தள்ளிப் போனாலும் திட்டுத் திட்டாகவே இருந்தால் அது வேகம் மட்டுமே. நிழல் எல்லாம் ஒரே கறுப்பு என்றால் புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருக்கலாம். தஞ்சாவூர் வயல் என்று தலைப்பு வைத்துவிட்டு, வரப்பில் பிரான்ஸ் நாட்டு பாப்லர் மரம் நின்றால் சொல்ல வேண்டியதே இல்லை. நம் உச்சி வெயில் நிறங்களைக் கழுவிவிடும். நம் மழை பச்சையைக் கறுப்பாக்கும். ஐரோப்பாவின் மெல்லிய வெளிச்சத்தை அப்படியே இறக்குமதி செய்தவர் தன் ஊரைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

வாங்கிய பிறகு நேர் வெயில் படாத சுவரில், சமையலறைப் புகை எட்டாத இடத்தில் மாட்டுங்கள். கடலோர ஊர்களில் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் புக இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பின்பக்கம் குடியேறும். ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்கிறேன் என்று ஈரத்துணியால் துடைப்பதைவிட, தூசியோடு விட்டுவைப்பது மேல்.

ரஸா அன்று டெல்லியில் போலிகளை இனம் காண ரசாயனச் சோதனை எதுவும் தேவைப்படவில்லை. எந்த இடத்தில், எந்த வெளிச்சத்தில் நின்றோம் என்பது நின்றவருக்குத் தெரியும். ஜிவெர்னி வயலில் சூரியன் நகர்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மோனே அவசரப்பட்டார். போலி தயாரிப்பவருக்கு அந்த அவசரம் இல்லை, நாள் முழுக்க நேரம் இருக்கிறது. அவர் படத்தில் வெயில் நகராமல் நிற்பதும் அதனால்தான்.